மூக்கொலியை அளக்கும் கருவிகள்: எண்ணும் செவியும்

எட்டாம் வகுப்பில் ‘எழுத்துகளின் பிறப்பு’ பாடம் நடத்தும் நாளில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்வது என் வழக்கம். வல்லினம் மார்பையும், மெல்லினம் மூக்கையும், உயிரும் இடையினமும் கழுத்தையும் இடமாகக் கொண்டு பிறக்கின்றன என்று நன்னூல் வழியில் அந்தப் பாடம் சொல்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் மெல்லினம் மூக்கில் பிறப்பதைக் கண்ணால் பார்த்தவர் வகுப்பில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கண்ணாடியை மூக்குத் துளைகளுக்குக் கீழே படுக்கையாகப் பிடித்துக்கொண்டு ‘அப்பா’ என்று சொல்லச் சொல்வேன். கண்ணாடி தெளிவாகவே இருக்கும். ‘அம்மா’ என்று சொல்லும்போது இரண்டு சிறிய திட்டுகளாக ஆவி படியும். வகுப்பே எழுந்து வந்து எட்டிப் பார்க்கும்.

இந்தக் கண்ணாடிச் சோதனை என் கண்டுபிடிப்பு அன்று. செர்மாக் என்ற உடலியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தார். பேச்சு மருத்துவத்தில் இன்றும் இது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அதற்குப் பிறகு இந்தத் துறையில் மைக்கும் கணினியும் வைத்த கருவிகள் வந்துவிட்டன. அவை மூக்கொலியை ஓர் எண்ணாகச் சொல்கின்றன. அந்த எண் எழுதிய மருத்துவ அறிக்கைகள் நம் மாணவர்களின் பெற்றோர் கையில் இருக்கின்றன. சில வேளைகளில் அவர்கள் அதை நம்மிடம் கொண்டுவந்து, “இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க” என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கருவிகளைப் பற்றி ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூக்குக்குப் போகும் கதவு

வாயைத் திறந்து மேலே பார்த்தால் மேல்வாயின் முன்பகுதி எலும்பாகக் கடினமாக இருக்கும். பின்பகுதி தசையால் ஆனது. அதன் நுனியில்தான் உள்நாக்கு தொங்குகிறது. அந்தத் தசைப்பகுதிக்கு மெல்லண்ணம் என்று பெயர். நாம் ‘ப’ சொல்லும்போது மெல்லண்ணம் மேலே எழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது. ‘ம’ சொல்லும்போது அது கீழே இறங்கி வழிவிடுகிறது. இரண்டு ஒலிகளுக்கும் உதடுகள் செய்யும் வேலை ஒன்றே. வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கதவில்தான் இருக்கிறது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று நாம் கற்பிக்கும் இன எழுத்துகள் எல்லாமே இப்படிக் கதவு மூடியும் திறந்தும் பிறக்கும் இணைகள். இலக்கணம் அவற்றை இனம் என்று சேர்த்து வைத்ததன் பொருத்தம் மாணவருக்கு அந்த நொடியில் புரிந்துவிடும்.

இந்தக் கதவு சரியாக மூடாத குழந்தையின் பேச்சில் எல்லா ஒலிகளிலும் மூக்கு கலக்கும். உயிரெழுத்துகள் மூக்கில் எதிரொலிக்கும். ‘பஸ்’ என்பது ‘மஸ்’ போலக் கேட்கும். ‘ப’, ‘ட’, ‘க’, ‘ச’ ஆகியவற்றுக்கு வேண்டிய காற்றழுத்தம் வாயில் சேராததால் அவை வலுவிழக்கும். சில குழந்தைகள் அதை ஈடுகட்டத் தொண்டைக்குள்ளேயே ஒலியை வெட்டி வெட்டிப் பேசப் பழகிவிடுகிறார்கள். இதை மிகை மூக்கொலி எனலாம். பிறவியிலேயே அண்ணப்பிளவு இருந்தவர்களிடம், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலரிடம், இது காணப்படும். பிளவு தோலுக்கு அடியில் மறைந்திருப்பதும் உண்டு. அப்போது உதட்டிலோ வாயிலோ தழும்பு எதுவும் தெரியாது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பது அதற்கு ஓர் அறிகுறி. செவித்திறன் குறைந்த குழந்தைகளிடமும் மிகை மூக்கொலி வரலாம்.

இதற்கு நேர்மாறானது குறை மூக்கொலி. சளி பிடித்தவர் ‘மாமா’ என்று கூப்பிட்டால் ‘பாபா’ என்று காதில் விழுவது எல்லோரும் அறிந்ததுதான். அடினாய்டு வீங்கி மூக்கின் பின்வழியை அடைத்திருக்கும் குழந்தை ஆண்டு முழுவதும் அப்படியே பேசும். வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கும். ஊரும் பள்ளியும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு குழந்தைக்கும் ‘மூக்கால் பேசுறவன்’ என்றே பெயர். ஆனால் ஒருவனுக்கு மூக்கு வழி அடைக்க வேண்டிய நேரத்தில் அடைக்கவில்லை, மற்றவனுக்குத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. சிகிச்சையும் நேரெதிர்.

இரண்டு மைக், நடுவில் ஒரு தகடு

அமெரிக்காவின் அலபாமாவில் பணியாற்றிய சாமுவேல் ஃபிளெட்சர், மூக்கிலிருந்து வரும் ஒலியையும் வாயிலிருந்து வரும் ஒலியையும் தனித்தனியே பிடித்து ஒப்பிடும் டோனார் என்ற கருவியை 1970இல் அறிமுகம் செய்தார். அந்த வழியில் வந்து 1980களில் கே எலிமெட்ரிக்ஸ் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்ததுதான் நேசோமீட்டர். தலையில் மாட்டும் பட்டையிலிருந்து ஒரு தகடு இறங்கி, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே சுவர்போல நிற்கும். தகட்டின் மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக். மேல் மைக்கில் பதிவான ஒலியின் அளவை, இரண்டு மைக்கிலும் பதிவான மொத்த அளவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைப்பது மூக்கொலி விழுக்காடு. மருத்துவ அறிக்கையில் ‘நேசலன்ஸ்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். மூக்கில் 20 பங்கு, வாயில் 80 பங்கு என்றால் எண் 20. ஆறாம் வகுப்புக் கணக்குதான், வேறொன்றும் இல்லை.

கணக்கு எளிமையாக இருப்பதாலேயே அந்த எண்ணுக்குள் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்பது மறந்துபோகிறது. முதலாவதாக, தகடு முழுமையான சுவர் அன்று. வாயொலியில் கொஞ்சம் மேல் மைக்குக்கும் போய்ச் சேரும். அண்ணத்தின் அதிர்வும் மூக்கறைக்குள் கொஞ்சம் ஒலியைக் கடத்தும். ஆகவே மூக்கொலியே கலக்காமல் பேசும் ஆரோக்கியமான குழந்தைக்கும் எண் பூச்சியமாக வராது. இரண்டாவதாக, உயிரெழுத்துக்கு உயிரெழுத்து எண் மாறும். ‘ஆ’ சொல்லும்போது வாய் அகலத் திறந்திருக்கிறது, ஒலி தாராளமாக வெளியே வருகிறது. ‘ஈ’ சொல்லும்போது நாக்கு மேலே எழுந்து வாய்வழியைக் குறுக்கிவிடுகிறது. அதனால் குறையேதும் இல்லாதவரிடமும் ‘ஈ’க்கு ‘ஆ’வைவிட எண் அதிகமாக வரும். மூன்றாவதாக, எந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்கள் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று பகுதிகளைப் பயன்படுத்துவது வழக்கம். விலங்குக் காட்சிசாலை பற்றிய பகுதியில் மூக்கொலி எழுத்தே கிடையாது. வானவில் பற்றிய பகுதியில் இயல்பான அளவு உண்டு. மூன்றாவது, மூக்கொலி நிறைந்த வாக்கியங்கள். ஆங்கிலம் பேசும் இயல்பான ஒருவருக்கு நேசோமீட்டரில் இவற்றுக்கு ஏறத்தாழ 15, 35, 60 என்று எண்கள் வரும். ஆள் ஒருவரே, கருவியும் ஒன்றே. படித்த பகுதி மாறியதும் எண் நான்கு மடங்காகிவிடுகிறது.

கருவிகளே வேறுபடும்போது

நேசோமீட்டர் தனியாக இல்லை. டைகர் நிறுவனத்தின் நேசல்வியூ, குளோட்டல் என்டர்பிரைசஸ் நிறுவனத்தின் ஓரோநேசல் என்று வேறு கருவிகளும் வந்தன. வெளித்தோற்றத்தில் எல்லாவற்றின் தத்துவமும் ஒன்றுதான்: மூக்குக்கு ஒரு மைக், வாய்க்கு ஒரு மைக், இடையில் ஒரு தடுப்பு, கடைசியில் ஒரு விழுக்காடு. உள்ளே போய்ப் பார்த்தால் வேறுபாடு இருக்கிறது. நேசோமீட்டர் மைக்கில் விழும் ஒலி முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை. 500 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டு 300 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையை மட்டும் வடிகட்டி எடுத்து, அதில்தான் கணக்குப் போடுகிறது. உயிரொலியின் வலு அந்தப் பகுதியில் நன்றாகத் தெரியும், ‘ச’ போன்றவற்றின் சீறல் பெரும்பாலும் கணக்கில் வராது. நேசல்வியூவில் அத்தகைய குறுகிய வடிகட்டல் இல்லை. ஓரோநேசலில் தகட்டுக்குப் பதிலாக முகத்தில் பொருத்தும் முகமூடி. அதற்குள் தடுப்பும் மைக்குகளும். முகமூடிக்குள் அடைபட்ட ஒலி, திறந்த வெளியில் தகட்டின் மேலும் கீழும் பரவும் ஒலியைப் போல இருக்காது.

டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பிரெஸ்மன் இந்த மூன்று கருவிகளையும் ஒப்பிட்டு 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பேச்சில் குறையில்லாத பெரியவர்களை அதே பகுதிகளை மூன்று கருவிகளிலும் படிக்கச் செய்தார். மூக்கொலி இல்லாத பகுதிக்கு மிகக் குறைந்த எண்ணைத் தந்தது நேசோமீட்டர். இயல்பான அளவு மூக்கொலி கலந்த பகுதிக்கு மிக அதிகமான எண்ணைத் தந்தது நேசல்வியூ. மூக்கொலி நிறைந்த வாக்கியங்களுக்கு மிகக் குறைந்த எண்ணைத் தந்தது ஓரோநேசல். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று உண்டு. ஒரு கருவி எப்போதும் கூட்டிக் காட்டும், மற்றொன்று எப்போதும் குறைத்துக் காட்டும் என்றிருந்தால் ஐந்தையோ பத்தையோ கழித்துச் சமன் செய்துவிடலாம். இங்கே அப்படி இல்லை. எது கூட்டும், எது குறைக்கும் என்பது படிக்கும் பகுதியைப் பொறுத்து மாறுகிறது. நேசோமீட்டரில் இரண்டு எல்லைகளும் விலகி நிற்கின்றன, ஓரோநேசலில் நெருங்கி வந்துவிடுகின்றன. ஆகவே ஒரு கருவியின் எண்ணை மற்றொரு கருவியின் எண்ணாக மாற்றப் பொதுவான வாய்பாடு இல்லை. ஒரு கருவியின் இயல்பளவை வைத்து மற்றொரு கருவியின் முடிவைத் தீர்மானிக்கவும் கூடாது.

இதே பிரெஸ்மன் குழுவினர், ஒருவரின் மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கலாம் என்ற யோசனையை 2000இல் முன்வைத்திருந்தார்கள். மூக்கொலி நிறைந்த வாக்கியத்துக்கும் அது இல்லாத வாக்கியத்துக்கும் இடையே எண் நன்றாக மாறினால் அந்தக் கதவு திறந்து மூடி வேலை செய்கிறது என்று பொருள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் கதவு ஒரே நிலையில் நின்றுவிட்டது என்று பொருள். தனி எண்ணைவிட இந்த இடைவெளி எனக்கு அதிகம் புரிகிறது.

41, 33

என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்த ஒரு மாணவனுக்குக் குழந்தையாக இருந்தபோதே அண்ணப்பிளவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பேச்சில் மிகை மூக்கொலி இருந்தது. வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தான். அவனை அழைத்துப் போகும் நாளில் அப்பாவுக்குக் கூலி கிடையாது. ஒருநாள் அவர் இரண்டு அறிக்கைகளோடு பள்ளிக்கு வந்தார். முதல் அறிக்கையில் 41. ஒன்றரை ஆண்டு கழித்து வேறோர் ஊரில் எடுத்த இரண்டாவது அறிக்கையில் 33.

“டீச்சர், எட்டு குறைஞ்சிருக்கு. நல்லாயிட்டான். இனிமே பயிற்சிக்கு அழைச்சுட்டுப் போகலைன்னா பரவாயில்லைதானே?” என்றார்.

அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் கலைக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் பையன் பேசுவதை நாள்தோறும் வகுப்பில் கேட்கிறேன். என் காதுக்கு அந்த எட்டு கேட்கவில்லை. அறிக்கைகளை வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் கருவியின் பெயர் வேறு. முதலாவதில் வாக்கியங்களைச் சொல்ல வைத்திருந்தார்கள், இரண்டாவதில் அசைகளை மட்டும். “அண்ணே, காலாண்டுப் பரீட்சையில ஒரு கேள்வித்தாள்ல 41 வாங்கினான், இன்னொரு பள்ளிக்கூடத்துல வேற கேள்வித்தாள்ல 33 வாங்கினான். எட்டு மார்க் குறைஞ்சிடுச்சுன்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “முடியாது” என்றார்.

அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் பேச்சுப் பயிற்சியாளரோடு தொலைபேசியில் பேசினோம். அவரும் அதையே சொல்லி, முதலில் எடுத்த இடத்திலேயே, அதே கருவியில், அதே வாக்கியங்களோடு மறுபடி எடுக்க ஏற்பாடு செய்தார். வந்த எண் 39. ஹெட்செட்டைக் கழற்றி மறுபடி மாட்டினாலே சில புள்ளிகள் நகரும் என்பதால், இரண்டு புள்ளி வேறுபாட்டை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றும் அவர் விளக்கினார். பிறகு மூக்கு வழியாக நுண்கேமரா செலுத்திப் பார்த்ததில், பேசும்போது மெல்லண்ணத்தின் பின்னால் ஓர் இடைவெளி மூடாமல் இருப்பது தெரிந்தது. இடைவெளியைப் பயிற்சியால் மட்டும் சரிசெய்ய முடியாது என்று மருத்துவர்கள் அடுத்த அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். 33 என்ற எண்ணை நம்பி நின்றிருந்தால் அந்தத் தேதி வந்திருக்காது.

ஒலியைத் தவிர வேறு அளவுகள்

மூக்கொலியை அறிய ஒலியை மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. 1980இல் ஹொரீ என்பவர் அதிர்வை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். மூக்கின் பக்கவாட்டில் சிறிய அதிர்வு உணரியை ஒட்டி, மூக்கின் அதிர்வைக் குரலின் வலுவோடு ஒப்பிடுவது இதன் முறை. ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே மூக்கின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தால் அந்த அதிர்வு தெரியும். அறையில் மின்விசிறி ஓடினாலும் இதற்குப் பெரிய தொந்தரவில்லை.

மற்றொன்று காற்றோட்டத்தை அளப்பது. 1964இல் வாரனும் டுபோவாவும் வகுத்த முறையில், வாயின் காற்றழுத்தத்தையும் மூக்கின் காற்றழுத்தத்தையும் மூக்கு வழியாகப் போகும் காற்றின் அளவையும் ஒருசேர அளந்து, மெல்லண்ணக் கதவில் எவ்வளவு சதுர மில்லிமீட்டர் திறப்பு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ‘ப’ போன்ற ஒலிக்குத் திறப்பு 20 சதுர மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கதவு போதுமான அளவு மூடவில்லை என்று கொள்வார்கள். இங்கே எண்ணின் பொருளே வேறு. ஒன்று ஒலியின் பங்கு, மற்றது துளையின் பரப்பு. இரண்டும் ஒரே குழந்தையைப் பற்றி ஒரே கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சிறிய துளை வழியாகக் காற்று சீறிக்கொண்டு வெளியேறும்போது, குரலில் மூக்கொலி அதிகம் இல்லாமலே காற்றுக் கசிவின் சத்தம் மட்டும் கேட்கும் குழந்தைகள் உண்டு.

இத்தனை கருவிகளும் எதை வைத்துச் சரிபார்க்கப்படுகின்றன என்று கேட்டால், பயிற்சி பெற்ற காதை வைத்துத்தான். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் கேட்டு மிகை, மிதம், இயல்பு என்று மதிப்பிடுவதோடு எந்த அளவு ஒத்துப்போகிறது என்பதே ஒரு கருவியின் தகுதிக்கு உரைகல். நோய் என்று முதலில் உணர்வதும் காதுதான். கருவி அதற்குத் துணை: மாற்றத்தைப் பதிவு செய்யும், திரையில் காட்டிக் குழந்தைக்குப் பயிற்சி தரும், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்.

தமிழுக்குத் தமிழ் வாக்கியம்

ஆங்கிலப் பகுதிக்குரிய எண்களைத் தமிழ்க் குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. நம் மொழியில் ஆறு மெல்லின எழுத்துகள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று மெல்லினமும் வல்லினமும் ஒட்டி வருவது வரிக்கு வரி உண்டு. இதற்கும் மேலே ஒரு நுட்பம் இருக்கிறது. ‘மரம்’, ‘படம்’, ‘அவன்’, ‘வந்தான்’ என்று எழுதுகிறோம். பேச்சில் கடைசி ‘ம்’, ‘ன்’ கரைந்து, முன்னால் இருக்கும் உயிரே மூக்கொலி பெறுகிறது. பாடநூலைப் பார்த்து ‘மரம்’ என்று உதடு மூடிப் படிக்கும் குழந்தையும் அதையே பேச்சு வழக்கில் சொல்லும் குழந்தையும் கதவை வேறு வேறு விதமாகத் திறக்கிறார்கள். ஆகவே சோதனை வாக்கியத்தில் இறுதி ‘ம்’, ‘ன்’ கூட இருக்கக் கூடாது.

அப்படி ஒரு வாக்கியம் தேடியபோது நம் பழைய கதையே கைகொடுத்தது. ‘பாட்டி சுட்ட வடையைக் காக்கை எடுத்தது.’ எழுத்தெண்ணிப் பாருங்கள், ஒரு மெல்லினம்கூட இல்லை. ‘தாத்தா காசு கொடுத்தார்’, ‘அப்பா சட்டை தைத்தார்’ ஆகியவையும் அப்படியே. எதிர்ப்புறத்துக்கு, ‘நானும் மாமனும் மண்ணை நனைத்தோம்’. இப்படிப்பட்ட வாக்கியங்களை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். மெல்லினம் இல்லாமல் ஐந்து சொல்லில் ஒரு வாக்கியம் என்பது நல்ல மொழி விளையாட்டு. என் வகுப்பில் அதற்குப் போட்டியே நடக்கும்.

வகுப்பறையில் நாம் பார்க்கக்கூடியது

கண்ணாடிக்கு மறுபடி வருகிறேன், ஏனெனில் அதிலும் பிழையான முடிவு வரும். குழந்தை பேசத் தொடங்கும் முன்பும் பேசி முடித்த பின்பும் மூக்கால் மூச்சு விடும். அந்த மூச்சே கண்ணாடியில் ஆவியாகப் படியும். குழந்தை ‘பாப்பா பாப்பா பாப்பா’ என்று சொல்லத் தொடங்கிய பிறகு கண்ணாடியை வைத்து, அது நிறுத்தும் முன்பே எடுத்துவிட வேண்டும். சித்திரை மதியத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது. கண்ணாடியே மூச்சுக் காற்றைவிடச் சூடாக இருந்தால் ஆவி எப்படிப் படியும்? காலை முதல் பாடவேளையில் செய்யலாம், அல்லது ஈரத்துணியில் சுற்றி வைத்துத் துடைத்து எடுக்கலாம்.

கண்ணாடியைவிட எனக்குப் பிடித்தது உறிஞ்சுகுழல். ஒரு முனை குழந்தையின் மூக்குத் துளை அருகில், மறுமுனை நம் காதில். குழந்தை காக்கை வாக்கியத்தைச் சொல்லட்டும். கதவு சரியாக மூடினால் குழலில் ஒன்றும் பெரிதாகக் கேட்காது. கசிந்தால் குரலோ காற்றோ காதில் உரக்க விழும். ஒவ்வொரு குழந்தைக்கும் புதுக் குழல் வேண்டும். காகிதக் குழல் போதும். பப்பாளிக் காம்பை எடுத்து வரட்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் பால் தோலில் பட்டால் எரியும், வேண்டாம்.

மூன்றாவது சோதனைக்குப் பொருளே தேவையில்லை. அதே வாக்கியத்தை ஒருமுறை சாதாரணமாகவும் ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டும் சொல்லச் சொல்லுங்கள். மெல்லினம் இல்லாத வாக்கியம் இரண்டு முறையும் ஒரேபோலக் கேட்க வேண்டும். குரல் மாறினால் மூக்கு வழியாக ஒலி போய்க்கொண்டிருந்தது என்று பொருள். ‘நானும் மாமனும்’ வாக்கியத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் எல்லோருக்கும் குரல் மாறும். மூக்கைப் பிடிக்காதபோதே அது மூக்கைப் பிடித்ததுபோலக் கேட்டால், மூக்கடைப்பையும் அடினாய்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகளை வகுப்பு முழுவதற்கும் பாடமாக நடத்துவேன். ஒரு குழந்தையை மட்டும் முன்னால் நிறுத்திச் செய்வதில்லை. சளி பிடித்த வாரத்தில் யாருக்கும் செய்வதில்லை. மருத்துவமனைக் கருவியின் எண்ணும் சளி நாளில் மாறிவிடும்.

பள்ளிகளில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய குழந்தையிடம் பலூன் ஊதச் சொல்வார்கள், ஊதல் ஊதச் சொல்வார்கள், மெழுகுவத்தி அணைக்கச் சொல்வார்கள். மெல்லண்ணம் வலுப்படும் என்று நம்பிக்கை. ஊதுவதற்கும் பேசுவதற்கும் அந்தத் தசை இயங்கும் விதம் வேறு. ஊதல் பயிற்சியால் பேச்சின் மூக்கொலி குறைவதில்லை என்பதே பேச்சு மருத்துவத் துறையின் நிலைப்பாடு. கதவில் இடைவெளி இருக்கும் குழந்தையைத் “தெளிவாகச் சொல், மறுபடி சொல்” என்று பத்து முறை சொல்ல வைப்பதும் அப்படித்தான். அதனால் முடியாததைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாய்விட்டு வாசித்தலை மதிப்பிடும்போது நான் எழுத்தை அடையாளம் காண்கிறதா, சொல்லைப் பிரிக்கிறதா, நிறுத்தற்குறியில் நிற்கிறதா என்று பார்க்கிறேன். ‘ப’ மூக்கில் ஒலித்ததற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. குறள் ஒப்பித்தலிலும் அதுவே. எழுத்தில் பிழை வருகிறதா என்று மட்டும் தனியே கவனிப்பேன். தன் காதில் ‘ப’வும் ‘ம’வும் ஒன்றுபோலக் கேட்கும் குழந்தை எழுதும்போதும் குழம்பலாம்.

ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் அவர்கள் பார்க்கும் பட்டியலிலேயே இருக்கின்றன. செவித்திறன் குறைபாடும் இருக்கிறது. ஆனால் நூறு குழந்தைகளை ஒரு நாளில் பார்க்கும் குழுவுக்கு, தழும்பு இல்லாத, வாய் திறக்கவே கூச்சப்படும் ஒரு குழந்தையின் குரலைக் கேட்க நேரமிருக்காது. நாம் முன்கூட்டியே பெயரைக் குறித்துக் கொடுத்தால்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள்.

அந்தக் குறிப்பில் ‘பேச்சுக் குறைபாடு’ என்று ஒரு வரியில் நான் முடிப்பதில்லை. எந்த வாக்கியத்தைச் சொல்ல வைத்தேன், எந்த எழுத்தில் மூக்கொலி கேட்டது, மூக்கைப் பிடித்தபோது குரல் மாறியதா, குழலில் கேட்டது குரலா காற்றா, அன்று சளி இருந்ததா, எப்போதாவது அடினாய்டு அகற்றினார்களா என்று எழுதுவேன். அடினாய்டை எடுத்த பிறகு மிகை மூக்கொலி புதிதாகத் தோன்றுவதும் உண்டு என்பதால் கடைசிக் கேள்வியை விடுவதில்லை. பருவத்துக்கு ஒருமுறை அதே நான்கு வாக்கியங்களைக் கைப்பேசியில், அதே தொலைவில் வைத்து, பெற்றோரின் ஒப்புதலோடு பதிவு செய்து வைக்கிறேன். மருத்துவமனை அறிக்கை கையில் வரும்போது எண்ணைப் பார்க்கும் முன் கருவியின் பெயர், மாதிரி எண், சொல்ல வைத்த வாக்கியம், தேதி ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்குக் காட்டிக் கொடுக்கிறேன். அவற்றில் ஏதேனும் எழுதப்படாமல் இருந்தால், வாங்கிய இடத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.